வீட்டு வரியைக் குறைத்தால் பழைய வீடு நிற்குமா?

வாசகர் கேள்வி, 2 மே 2025

கலிபோர்னியாவில் பழமையான வீட்டை இடிக்காமல் பராமரிப்பவருக்குச் சொத்து வரி ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. 1972-லேயே மில்ஸ் சட்டம் என்று ஒன்று போட்டுவிட்டார்கள். நம் ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டியிலிருந்து கீழக்கரை வரை முற்றம் வைத்த வீடுகள் கண்முன்னே போய்க்கொண்டிருக்கின்றன. அதே சலுகையை இங்கேயும் கொடுத்தால் ஒரு வீடும் இடிபடாது என்கிறேன். மறுப்பவர்கள் வரலாம்.

2 மே, இரவு

வந்துவிட்டேன். நூறு வருடம் தாண்டிய வீட்டில் குடியிருந்து அதற்கு வரியும் கட்டுகிறவள் நான்.

எங்கள் தெருவில் வரிக்குப் பயந்து யாரும் வீட்டை இடிக்கவில்லை. இடித்தவர்களை எனக்குத் தெரியும். ஒருவர் மட்டப்பா (தட்டைக் கூரை) ஒழுகி ஒழுகி மனம் வெறுத்துப் போய் இடித்தார். இன்னொரு வீடு பங்காளிகளுக்குள் பேச்சு முறிந்து, பூட்டியே கிடந்து, ஒரு மழையில் தானாக உட்கார்ந்தது. மூன்றாவது வீட்டுக்காரருக்குக் கார் நிறுத்த இடம் வேண்டியிருந்தது. திண்ணையில் தொடங்கியவர் நடுக்கூடத்தில் போய்த்தான் நின்றார். இந்த மூன்று பேரிடமும் "வரியில் பாதி தள்ளுபடி" என்று போய்ச் சொல்லியிருந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள்.

நான் ஒரு வருடத்துக்குக் கட்டும் வரி, சுண்ணாம்புக் காரை தெரிந்த ஒரு கொத்தனாருக்கும் இரண்டு சித்தாளுக்கும் ஒரு வாரக் கூலிக்குக் காணாது. அதில் பாதியைத் தள்ளினால் எத்தனை நாள் வேலை நடக்கும்? கணக்கு உங்களுக்கு.

3 மே

சலுகையே வேண்டாம் என்றா சொன்னேன்? கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். அதனால் வீடு நிற்காது என்றுதான் சொன்னேன்.

பாம்பன் நண்பர் மில்ஸ் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டிருக்கிறார். அது வெறும் தள்ளுபடி இல்லை, ஒப்பந்தம். வீட்டுக்காரரும் நகராட்சியும் குறைந்தது 10 வருடத்துக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள். ஒவ்வொரு வருடமும் அது தானாக ஒரு வருடம் நீளும், அதனால் எப்போது பார்த்தாலும் முன்னால் 10 வருடம் பாக்கி நிற்கும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அதிகாரி வந்து பார்ப்பார். வீட்டை விற்றால் வாங்கியவர் தலையில் ஒப்பந்தம் ஏறும். பேச்சை மீறி ஒப்பந்தம் ரத்தானால் வீட்டின் சந்தை மதிப்பில் 12.5 சதவீதம் அபராதம். இவ்வளவுக்கும் பதிலாக, விற்றால் என்ன விலை போகும் என்று பார்க்காமல் வாடகைக்கு விட்டால் என்ன வருமானம் வரும் என்ற கணக்கில் மதிப்புப் போடுகிறார்கள். 40 முதல் 60 சதவீதம் வரி குறைவது அப்படித்தான்.

அங்கே அந்தப் பாதிக்கு ஏன் கனம் இருக்கிறது என்றால், வரியே மதிப்பில் ஏறக்குறைய ஒரு சதவீதம். கோடி ரூபாய் வீடென்றால் வருடம் லட்சம் ரூபாய். லட்சத்தில் பாதி மிஞ்சினால் மனிதன் கூரை மாற்றுவான். என் வரியில் பாதி மிஞ்சினால் இரண்டு கதவுக்கு வார்னிஷ் அடிக்கலாம்.

3 மே, கொஞ்ச நேரம் கழித்து

ஒரு கதவுக்கு. தேக்குக் கதவு, பெரியது.

6 மே

கேள்வி கேட்டவர் "அமெரிக்காவில் ஜெயித்தது இங்கே ஏன் தோற்கும்" என்கிறார். அங்கேயும் எல்லாருக்கும் ஒரேமாதிரி ஜெயிக்கவில்லை. 1978-இல் கலிபோர்னியாவில் 13-ஆம் முன்மொழிவு என்று வாக்கெடுத்து, வீட்டின் வரி மதிப்பு வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது, கைமாறும்போதுதான் சந்தை விலைக்கு மாற்றலாம் என்று முடிவு செய்தார்கள். அதனால் நாற்பது வருடமாக அதே வீட்டில் இருக்கும் கிழவிக்கு வரி ஏற்கெனவே குறைச்சல். மில்ஸ் ஒப்பந்தத்தால் அவளுக்கு மிஞ்சுவது சொற்பம். போன வருடம் அதிக விலை கொடுத்து வாங்கிக் குடிவந்தவருக்குத்தான் பெரிய லாபம்.

நம் கடற்கரையில் யார் அந்தக் கிழவி, யார் புதிதாக வந்தவர் என்று யோசித்துப் பாருங்கள். இங்கே பழைய வீட்டை விலைக்கு வாங்குகிறவர் பெரும்பாலும் மனைக்காக வாங்குகிறார். வீட்டை வீடாகவே வைத்திருப்பது பிறந்தவர்களும் வாழ வந்தவர்களும்தான். சலுகை இவர்களுக்குப் போய்ச்சேரும்படி இருக்க வேண்டும், கிழவிக்கு.

11 மே

இன்று ஒரு பழைய ரசீதைத் தேடப்போய் 2022-க்கு முந்தைய ரசீதுகளும் கையில் வந்தன. அந்த வருடம் ஏப்ரலில் நகர்ப்புறங்களில் சொத்து வரியை உயர்த்தியது ஞாபகம் இருக்கும். சென்னைக்கு வேறு விகிதம். நம் நகராட்சி, பேரூராட்சிகளில் குடியிருப்புக்கு இப்படி: 600 சதுர அடிக்குள் 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100.

பெரிய வீட்டுக்காரன் பணக்காரன் என்ற எண்ணத்தில் போட்ட படிக்கட்டு. சென்னைக்குச் சரியாக இருக்கலாம். இந்தக் கரையில் பழைய வீடுகள் எல்லாமே பெரியவை. நடை, கூடம், தாழ்வாரம், பின்கட்டு என்று போய்க்கொண்டே இருக்கும், உள்ளே பென்ஷனில் வாழும் ஓர் அம்மா ஒற்றையாக இருப்பார். அவருக்கு வரி இரட்டிப்பு. அதே வீட்டை நான்கு பங்காகப் பிரித்து, முற்றத்தில் குறுக்குச் சுவர் வைத்து, நான்கு வரி எண் வாங்கியிருந்தால் ஒவ்வொரு பங்கும் கீழே உள்ள படிகளுக்குள் வந்து, உயர்வு பாதியோ அதற்கும் குறைவோதான் ஆகியிருக்கும்.

அதாவது முற்றத்தை வெட்டுகிறவனுக்குச் சலுகை ஏற்கெனவே இருக்கிறது. யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். புதிதாகத் தள்ளுபடி கேட்பதற்கு முன்னால் இதை எடுத்துவிடச் சொல்லலாம்: வெட்டாமல் முழுதாக நிற்கும் பழைய வீட்டுக்கு அளவுப் படிக்கட்டு வேண்டாம், கடைசிப் படியின் விகிதமே போதும்.

11 மே, திருத்தி எழுதுகிறேன்

"கடைசிப் படி" என்றால் கீழ்ப்படி. 25 சதவீதம். தொண்டிக்காரர் 100 என்று படித்துவிட்டு எனக்குச் சாபம் கொடுத்திருக்கிறார்.

அவர் சொல்வதில் இன்னொரு விஷயம் உண்டு. கரையில் இருக்கும் நகராட்சிகள் கீழக்கரையும் ராமேசுவரமும் மட்டும்தான். தொண்டியும் மண்டபமும் பேரூராட்சி. தேவிபட்டினம், பெரியபட்டினம் போன்றவை ஊராட்சிகள். அங்கே வீட்டு வரிக்குச் சட்டமே வேறு, தொகை இன்னும் குறைவு. ஆக, வரித் தள்ளுபடி என்று கதவைத் திறந்தால் பழைய வீடு அதிகம் இருக்கும் கிராமங்களுக்கு அதன் வழியாக வரக்கூடியது ஒன்றுமில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

14 மே

வயதை எப்படி நிரூபிப்பது என்று ஒருவர். நியாயமான கேள்வி. சலுகை என்று அறிவித்தால் ஊரில் எல்லா வீட்டுக்கும் ஒரே இரவில் வயது கூடிவிடும்.

என் வீட்டு முகப்பில் சுதையில் 1340 என்று இருக்கிறது. ஹிஜ்ரி வருடம், ஆங்கிலக் கணக்கில் 1921-22. வெளியூரிலிருந்து அளக்க வந்த தம்பி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு "ஆயிரத்து முந்நூத்து நாப்பதா!" என்று வாயைப் பிளந்தார். அப்படிப் பார்த்தால் மாலிக் கபூர் இந்தப் பக்கம் வந்துபோன சூட்டோடு கட்டிய வீடு. நான் திருத்தவில்லை, அளவு எடுத்து முடியும்வரை.

பத்திரம், பழைய வரிப் பதிவேடு, முகப்பு எழுத்து, மட்டப்பாவின் கட்டுமானம் என்று நான்கையும் சேர்த்துப் பார்த்தால் பத்து வருடம் முன்பின்னாகச் சொல்லிவிடலாம். அதற்குமேல் துல்லியம் எதற்கு?

20 மே

பின்சுவர் வேலை தொடங்கிவிட்டது. அதனால் இனி எழுதுவது எல்லாம் தூசிக்கு நடுவில்.

என் வாப்பா காலத்தில் இந்தச் சுவரில் சிமென்ட் பூசினார்கள். அன்றைக்கு அதுதான் நாகரிகம். சுண்ணாம்புச் சுவர் நிலத்து ஓதத்தை உறிஞ்சும், வெயிலில் வெளியே விட்டுவிடும். சிமென்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிட்டது. தண்ணீர் உள்ளேயே நின்று, கடற்கரை உப்பைக் கூட்டிக்கொண்டு மேலே மேலே ஏறி, ஆள் உயரத்துக்கு வந்துவிட்டது. இன்று கொத்தனார் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். தட்டு அளவுக்கு ஒரு பத்தை அப்படியே கழன்று விழுந்தது. விழுந்த பத்தையின் உட்பக்கம் ஈரமாக, வெள்ளை வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தது. சுவர்ப் பக்கம் காரை பொடிந்து மாவாக இருந்தது. விரலால் தள்ளினால் கொட்டியது. காரைக்குப் பின்னால் கடல் கல். பவளப்பாறைதான், மூளை போல மடிப்பு மடிப்பாக. கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"அக்கா, கல்லு அப்படியே கெடக்கு. மேல போட்ட சட்டைதான் அதக் கொன்னுச்சு" என்றார்.

இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. "பராமரிக்கிறார்" என்று அதிகாரி எதைப் பார்த்து எழுதுவார்? என் சுவர் போன மாதம்வரை வெளியே பார்க்க வழவழவென்று, எமல்ஷன் அடித்து அழகாகத்தான் இருந்தது. முகப்பைப் பார்த்துச் சலுகை கொடுத்தால் சிமென்ட் பூசியவனுக்குத்தான் முதல் பரிசு.

21 மே

கல் கிடைக்குமா என்று கேட்டவருக்கு: கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. 2001-இல் பவளப்பாறையை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலிக்கு என்ன காப்போ அதே காப்பு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இலிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. அவற்றில் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குசல்லியும் இப்போது தண்ணீருக்கு அடியில். பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில் அலையைத் தடுக்க ஆளில்லாமல் போயிற்று. சுண்ணாம்புக் காளவாய்க்கும் தொழிற்சாலைக்கும் போனதுதான் பெரும்பங்கு. ஆனாலும் நம் முன்னோர் வீட்டுச் சுவரிலும் கடலின் ஒரு துண்டு இருக்கிறது என்பதை மறைக்க வேண்டாம்.

அதனால் இந்த வீடுகளில் ஒன்று இடிந்தால் அந்த மாதிரியில் திரும்பக் கட்டவே முடியாது. செட்டிநாட்டு வீட்டைப் பணம் இருந்தால் பழைய தூண், பழைய கதவு வாங்கி நகலெடுக்கலாம், எடுக்கிறார்கள். கடல் கல் வீட்டுக்கு நகல் இல்லை. விழுந்த சுவரின் கல்லைத் திரும்ப அதே சுவரில் வைப்பது ஒன்றே வழி. என் வீட்டில் அதைத்தான் செய்கிறோம்.

ஆக, சலுகை எந்த வீட்டுக்கு முதலில் என்று கேட்டால் என் பதில் தயார்: கடல் கல் வீட்டுக்கு. என் வீடு அதில் வருவது தற்செயல்.

29 மே

சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றி ஊறப் போட்டிருக்கிறோம். தண்ணீர் விட்ட அன்று தொட்டி கொதித்த கொதிப்பில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் மதில்மேல். கடுக்காய் ஒரு பானையில், பனைவெல்லம் ஒரு பானையில் தனித்தனியாக ஊறுகின்றன. ராமநாதபுரத்தில் பனைவெல்லத்துக்குப் பஞ்சமில்லை என்பார்கள். விலையைக் கேட்டால் பஞ்சம் வந்துவிடும்.

அரைக்கத்தான் ஆளில்லை. அந்தக் காலத்தில் மாடு கட்டிச் செக்கில் அரைப்பார்கள். இப்போது மாவு மில்லைப் போல மோட்டார் வைத்த ஆட்டுக்கல் ஒன்றைக் காரைக்குடிப் பக்கமிருந்து வாடகைக்குக் கொண்டுவந்தோம். வாடகை, வண்டிக்கூலி இரண்டையும் கூட்டினால் என் இரண்டு வருட வரி. இங்கேதான் எனக்கு யோசனை வேறு பக்கம் திரும்பியது. தள்ளுபடிக்குப் பதில், நகராட்சிக்கு ஒன்று, ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒன்று என்று அரைக்கும் எந்திரம் வாங்கி வைத்து, பழைய வீட்டுக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடலாம். பத்து வருட வரிச் சலுகையைவிட எனக்கு அது பெரிது. ஊராட்சி வீடுகளுக்கும் வந்து சேரும்.

4 ஜூன்

சட்டம் படித்த ஒருவர் "ஏற்கெனவே விலக்கு இருக்கிறதே" என்று எழுதியிருந்தார். இருந்தது, யாருக்கு என்று பார்க்க வேண்டாமா? 2023 வரை நம் நகராட்சிகளை நடத்திய 1920-ஆம் வருடச் சட்டத்தில் வழிபாட்டு இடம், வாடகை வாங்காத சத்திரம் இவற்றோடு பாதுகாக்கப்பட்ட புராதனச் சின்னத்துக்கும் சொத்து வரி விலக்கு உண்டு. ஆனால் அதில் யாரும் குடியிருக்கக் கூடாது, அலுவலகமும் நடக்கக் கூடாது. மனிதர் போன பிறகுதான் கட்டடம் புராதனம் ஆகும் என்பது வெள்ளைக்காரன் கணக்கு. ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசம் மாதிரிச் சேதுபதிகள் கட்டியவற்றுக்கு அது பொருந்தும்; மாநிலத் தொல்லியல் துறை வைத்துக் காப்பாற்றுகிறது. அடுப்பெரியும் வீட்டுக்கு அந்த விலக்கால் பயனில்லை.

வீடாக இருந்துகொண்டே விலக்குப் பெற இந்தியாவில் வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. கொல்கத்தா மாநகராட்சிச் சட்டத்தில் பாரம்பரியக் கட்டடங்களுக்கு வரி விலக்குத் தர இடம் வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-இல் நிறைவேறி, நடைமுறைக்கு வர 2024 ஆயிற்று. பட்டியல் போடும் வேலை அந்த ஆணையத்துடையது.

பட்டியல் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் தெரு நடுங்குகிறது. "பேரைக் கொடுத்துட்டா அப்புறம் ஆணி அடிக்கக்கூட மனுப் போடணும்" என்று ஒரு மாமி சொல்கிறார். மத்தியத் தொல்லியல் துறைச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடை, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு என்று 2010-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். குடியிருப்பு வீட்டுப் பட்டியல் வேறு, அது வேறு. ஆனால் ஊரில் யாரும் இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. இப்படி இருக்கும்போது பட்டியல் மட்டும் வந்தால், அறிவிப்புக்கு முந்தின வாரமே பாதி முகப்பை உடைத்துவிடுவார்கள். பட்டியலும் பணமும் ஒரே நாளில் ஒரே காகிதத்தில் வர வேண்டும். வரிச் சலுகைக்கு நான் தருகிற முதல் நல்ல சான்றிதழ் இதுதான்: தொகை சிறிதானாலும் பயத்தைக் குறைக்கும்.

4 ஜூன், பின்குறிப்பு

கேள்வி கேட்டவர் இதைப் பிடித்துக்கொண்டு "அப்ப ஒப்புக்கிட்டீங்க" என்கிறார். கால்வாசி.

17 ஜூன்

இந்த வீடுகள் நூறு வருடம் எப்படி நின்றன என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கல்யாணத்தால்.

எங்களில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். நிக்காஹ் பேசி முடித்தவுடன் முதல் செலவு கொத்தனாருக்குத்தான்: மட்டப்பாவைக் கொத்திப் புதுக் காரை, சுவருக்குச் சுண்ணாம்பு, கரையான் தின்ற நிலை மாற்றுதல், மாடியில் ஓர் அறை. கொழும்பிலோ மலாயாவிலோ இருக்கும் வாப்பா, காக்காமார் (அண்ணன்மார்) அதற்குப் பணம் அனுப்புவார்கள். பெண்களுக்கு வரிசையாகக் கல்யாணம் நடக்க நடக்க, சில வருடங்களுக்கு ஒருமுறை வீடு தலைமுதல் கால்வரை புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். அரசாங்கம் ஒரு சல்லி தரவில்லை.

என் கல்யாணத்துக்கு முன் இந்த முற்றத்தில் சுண்ணாம்புத் தொட்டி கட்டியிருந்தார்கள். விருந்துக்கு வந்த உறவுப்பிள்ளை ஒன்று அதில் கால் வைத்து, உம்மம்மா (பாட்டி) தேங்காய் எண்ணெயும் கையுமாக ஓடினார். அந்தப் பிள்ளைக்கு இப்போது மூட்டுவலி. அதற்கும் அந்தத் தொட்டியைத்தான் காரணம் சொல்கிறான்.

இப்போது பெண்ணுக்குக் கொடுப்பது புதுமனையில் தனி வீடு, இல்லாவிட்டால் சென்னையில் ஃப்ளாட். நல்லதுதான், அவள் பாடு சுகம். பழைய வீட்டுக்குக் கொத்தனார் வர இருந்த ஒரே காரணம் போய்விட்டது. அந்த இடத்தில்தான் இப்போது வேறு ஏதாவது ஒரு காரணத்தைக் கொண்டுவந்து வைக்க வேண்டியிருக்கிறது. வரிச் சலுகை அந்தக் காரணமாகுமா என்று கேட்டால், கல்யாணத்துக்கு ஒரு தேதி இருந்தது, கெடு இருந்தது, ஊர் வந்து பார்க்கும் என்ற வெட்கம் இருந்தது. ஒப்பந்தத்தில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆள் வந்து பார்ப்பதை நான் மேலே போகிறபோக்கில் சொன்னேன். இப்போது தோன்றுகிறது, அதில் உருப்படியான பகுதியே அதுதான்.

18 ஜூன்

ஹோம்ஸ்டே வைக்கலாமே என்று நேற்றிலிருந்து ஆறேழு பேர். ராமேசுவரம் போகும் கூட்டத்தில் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பினால் போதும் என்கிறார்கள். செய்யலாம். இரண்டு அறையை விட்டவுடன் கட்டடம் வணிகப் பயன்பாடு என்று மாறும், வரியும் மின்கட்டணமும் மேலே போகும். அதோடு முற்றத்தில் செருப்போடு ஆட்கள். என் வயதுக்கு வேண்டாம். இளையவர்கள் செய்தால், குடும்பம் உள்ளே வாழும்வரை குடியிருப்பு வரியே தொடரலாம் என்று ஒரு விதி இருந்தால் நன்றாக இருக்கும்.

2 ஜூலை

புதுச்சேரியைச் சொல்லாமல் விட்டால் அங்கத்து நண்பர் கோபிப்பார். வைசியாள் வீதியில் திண்ணையும் தாழ்வாரமுமாக இருந்த தமிழ் வீட்டு முகப்புகளை ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில், இன்டாக் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு முன்னின்று, வரிசையாகச் சீர்செய்தார்கள். செலவில் வீட்டுக்காரர் ஒரு பங்கு, திட்டம் ஒரு பங்கு. 2008-இல் யுனெஸ்கோ விருதும் வந்தது. தெரு முழுக்க ஒன்றாக நடந்ததுதான் அதில் எனக்குப் பிடித்தது. ஒரு வீட்டைப் பூசினால் பக்கத்து வீட்டுக்காரர் "காசு மிச்சம் போல" என்பார்; தெருவே பூசினால் பூசாதவருக்குத்தான் கூச்சம்.

எங்கள் தெருவில் இன்னும் நிற்பவை எத்தனை என்று எண்ணவே பயமாக இருக்கிறது, எண்ணவில்லை.

13 ஜூலை

லாத்தாவிடம் (என் அக்கா) போனில் பேசினேன். இந்த வீட்டில் பாதி அவருடையது. பத்திரத்தில் இருவர் பெயரும் இருக்கிறது. அவர் இருப்பது கோலாலம்பூரில். நாளைக்கே பத்து வருட ஒப்பந்தம் ஒன்று வந்தால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

"போடுவீங்களா லாத்தா?"

"பத்து வருஷத்துக்கு விக்கக்கூடாதுன்னா?"

"விக்கலாம். வாங்குறவங்க இடிக்கக்கூடாது."

"அப்ப யாரு வாங்குவா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. இடிக்கலாம் என்றால்தான் இங்கே மனைக்கு விலை. ஒப்பந்தம் போட்ட மறுநாள் லாத்தாவின் பங்கு மதிப்பு கீழே போகும். அவருக்கு இரண்டு பேத்திகள், படிப்புச் செலவு இருக்கிறது. கலிபோர்னியாவில் புது வாங்குபவருக்கு வரி மிச்சம் பெரிதாக இருப்பதால் ஒப்பந்தம் உள்ள வீட்டுக்கு ஆள் வருகிறார்கள். இங்கே அந்த மிச்சம் இல்லை, தடை மட்டும் இருக்கும். வெளிநாட்டிலும் வெளியூரிலும் பங்கு பிரிந்து கிடக்கும் வீடுகள்தான் இந்தக் கரையில் பெரும்பாலும். எல்லாக் கையெழுத்தும் வந்தால்தான் சலுகை என்று எழுதினால் திட்டம் பிறக்கும்போதே படுத்துவிடும். குடியிருப்பவர் மட்டும் போடும் ஐந்து வருட ஒப்பந்தம், மற்றப் பங்காளிகள் விற்கத் தடையில்லை, விற்றால் அதுவரை கிடைத்த சலுகையைத் திருப்பிக் கட்டிவிட்டால் போதும், என்று தளர்வாக வைத்தால் லாத்தா போடுவார். கேட்டேன். "அதுன்னா போடுறேன்" என்றார். "ஆனா அந்த மேல்மாடி அலமாரியில என் சாமான் இருக்கு, அத யாருக்கும் கொடுத்துடாத" என்றும் சொன்னார்.

14 ஜூலை

"திருப்பிக் கட்டினால் போதும் என்றால் எல்லாரும் கட்டிவிட்டு இடிப்பார்களே" என்கிறார் தொண்டிக்காரர். சிலர் இடிப்பார்கள். ஐந்து வருடம் ஒழுகாமல் நின்ற வீட்டை இடிக்க மனம் வருவது கொஞ்சம் கடினம் என்பது என் நம்பிக்கை. ஒழுகுகிற வீட்டைத்தான் மனிதர்கள் இடிக்கிறார்கள்.

அலையோரத்தில் இருக்கும் வீடுகளுக்கு இன்னொரு விசித்திரம். கடற்கரை ஒழுங்குமுறை விதிப்படி, வளர்ச்சி தடைசெய்த பகுதிக்குள் இருக்கும் வீட்டை இடித்துக் கட்டினாலும் பழைய அளவுக்கு மேல் போகக்கூடாது. இடித்து என்ன லாபம் என்று அப்படியே விட்ட வீடுகள் உண்டு. சூழலுக்காகப் போட்ட விதி, சுவரையும் காப்பாற்றுகிறது. தெருவுக்குள் இருக்கும் என் வீட்டுக்கு அது இல்லை.

27 ஆகஸ்ட்

பின்சுவர் முடிந்தது. சுண்ணாம்பு காய அவசரப்படக் கூடாது, ஈரச்சாக்கு போட்டு வைத்திருக்கிறோம். சாக்கை நனைக்கும் வேலை எனக்கு. கொத்தனாரிடம் படிக்க உறவுக்காரப் பையன் ஒருவன் வந்து நான்கு நாள் நின்றான். ஐந்தாம் நாள் சவூதி விசா வந்துவிட்டது. கொத்தனாருக்கு அறுபது தாண்டிவிட்டது. சலுகை, சட்டம், பட்டியல் எல்லாம் கூடிவந்தாலும் பூச ஆள் இல்லாவிட்டால் என்ன செய்வது? சுண்ணாம்பு வேலை கற்கும் பையனுக்கு மாத உதவித்தொகை என்று யாராவது கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

9 அக்டோபர்

இரண்டாம் அரையாண்டு வரியைக் கட்டிவிட்டேன். அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் குறையும், அதிகபட்சம் 5,000 ரூபாய். நேரத்தோடு கட்டும் எல்லாருக்கும் உண்டு, அடுக்குமாடிக்கும் உண்டு. எனக்கு மிஞ்சியதைக் கொண்டு கடுக்காய் வாங்கினேன், அரைக்கிலோ.

கேள்வி கேட்டவர் நகராட்சி மன்றத்துக்கு ஒரு மனு எழுதுவதாகவும், இங்கே பேசியதை அதில் சேர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். சேருங்கள். வரிசை மட்டும் நான் சொல்வது போல இருக்கட்டும். வெட்டாத வீட்டுக்கு அளவுப் படிக்கட்டு வேண்டாம் என்பது முதலில். அடுத்து, சுண்ணாம்பு வேலைக்குச் செலவழித்த ரசீதைக் காட்டினால் அந்தத் தொகையை வரியில் கழித்துக்கொள்ள வேண்டும். ஒரு வருட வரிக்குள் அடங்காததை அடுத்தடுத்த வருடங்களில் கழிக்கலாம். சிமென்ட் ரசீது செல்லாது என்று கொட்டை எழுத்தில் போடுங்கள். அரைக்கும் எந்திரம், பழகுநர் உதவித்தொகை பிறகு. பாதித் தள்ளுபடி கடைசியில், இடமிருந்தால்.

ஒன்று கேட்க வேண்டும். கூரைக்குப் போட்ட பர்மாத் தேக்கு உத்தரத்தில் ஒன்று முனையில் இற்றுவிட்டது, மழைக்கு முன் மாற்ற வேண்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் விலை கேட்டு மயக்கம் வந்தது. தொண்டிப் பக்கம் பிரித்த வீட்டுச் சாமான் யாரிடமாவது இருக்கிறதா? பன்னிரண்டு அடி நீளம், ஆறு அங்குலத்துக்குக் குறையாமல். ஆணித் துளை இருந்தால் பரவாயில்லை.